தம்பிக்கு நான் வாசித்த கணிப்புகள்

அந்த வருடம் ஓகஸ்ட் தொடக்கம் நவம்பர் வரை, வேலை நாட்களில் காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் வரை, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின் கருத்துக் கணிப்புகளைப் பார்த்து நோட்டில் எழுதினேன். இழுபறியில் இருந்த மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் திகதி. அடுத்த நிரலில் கணிப்பை எடுத்தவர்கள் யார், எத்தனை பேரைக் கேட்டார்கள், தொலைபேசியிலா இணையத்திலா. கடைசி நிரலில் யார் முன்னுக்கு நிற்கிறார், எவ்வளவால். முதல் நாளைவிடக் கூடியிருந்தால் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, குறைந்திருந்தால் கீழ்நோக்கி. மிசிசாகாவில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது என் தொழில். எழுதி வைக்காத எதுவும் நடக்கவில்லை என்பது அங்கே விதி. வீட்டிலும் நான் அப்படித்தான். கனடாவுக்கு வந்த முதல் வாரத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் எவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்ப்பாள்.

"இஞ்சருங்கோ, அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கோ. எலக்சன் ஒண்டும் வையாதேங்கோ, எல்லாம் இஞ்சை ஒராள் எழுதி வைச்சிருக்கிறார் எண்டு."

நான் சிரிப்பேன். ஆறேகாலுக்குத் தம்பி தொலைபேசி எடுப்பான்.

தம்பி பென்சில்வேனியாவில், ஏரியின் மறுகரையில் இருந்த ஒரு சிறிய ஊரில், பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை செய்தான். எங்களிடமிருந்து காரில் மூன்றரை மணி நேரம். இருபது வருடங்களுக்கு மேலாக அங்கேதான். பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போய், ஒன்றரை வருடத்தில் விட்டு வந்தவன். அந்த ஒன்றரை வருடத்துக்காக அமெரிக்கா அவனுடைய அகதிக் கோரிக்கையை மறுத்தது. திருப்பி அனுப்பவும் இல்லை, இருக்கலாம் என்று ஒரு பத்திரம் கொடுக்கவும் இல்லை. வருடத்தில் ஒருதரம் குடிவரவு அலுவலகம் ஒன்றுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவான். வேலை செய்ய அனுமதி உண்டு. வெளியே போனால் திரும்பி வர முடியாது. கலியாணம் பேசியபோதெல்லாம் "பேப்பர் வரட்டும்" என்றான். பேப்பர் வரவில்லை.

தேர்தலில் நின்றவர்களில் ஒருவர், இப்படிப்பட்டவர்களைப் பிடித்து அனுப்பப்போவதாக மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு பெண். அதனால் அந்தக் கோடையில் தம்பிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: இப்போதே எல்லைப் பாலத்துக்கு வந்து கனடாவில் அகதி கோருவதா, தேர்தல் முடியும்வரை பொறுப்பதா. பொதுவாக அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களைக் கனடா எல்லையில் வைத்தே திருப்பிவிடும். ஆனால் கூடப்பிறந்தவர் இங்கே இருந்தால், அதை நிரூபிக்க முடிந்தால், உள்ளே எடுத்து விசாரிப்பார்கள். அந்த வாய்ப்பு ஒருமுறைதான். திருப்பி அனுப்பினால் அமெரிக்க அதிகாரிகள் கையில்தான் ஒப்படைப்பார்கள்.

கூடப்பிறந்தவன் நான்.

"என்ன மாதிரி அண்ணை நிக்குது இண்டைக்கு?"

"உங்கடை ஸ்டேட்டில மயிரிழைதான். நேற்றையவிட அந்த மனுசிக்குக் கொஞ்சம் கூட."

"எங்கடை ஸ்டேட்தானாம் எல்லாத்தையும் தீர்மானிக்குமாம். ரீவியில நாள் முழுக்கச் சொல்லுறாங்கள். என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை."

"பொறு, பாப்பம்."

"பாப்பம் எண்டா? வரட்டோ, நிக்கட்டோ?"

"இப்ப அவசரப்பட வேண்டாம். செப்ரெம்பர்க் கணிப்பு வரட்டும்."

இதை நான் சொன்னது ஓகஸ்ட் மாதக் கடைசியில். அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர் நான் ஒரு வழக்கறிஞரிடம் போயிருந்தேன்.

தம்பிதான் போகச் சொன்னவன். எக்ளின்ரன் வீதியில் அலுவலகம். வழக்கறிஞர் எங்கள் தமிழ்ப் பெண்பிள்ளை, இங்கே பிறந்தவர், முப்பது வயதிருக்கும். என்னுடைய பிறப்புச் சான்றிதழ், தம்பியுடையது, அம்மா அப்பாவின் விவாகப் பதிவு, எல்லாவற்றையும் வரிசைப்படி கோப்பில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"வாவ் அங்கிள், எல்லாரும் உங்களைப் போல வந்தா என்ர வேலை ஈஸி. ஊர்ச் சேட்டிபிக்கற் எண்டா போர்டர்ல கொஞ்சம் டவுட் பண்ணுவினம். பட் அது ஓகே. அவை மெயினாப் பாக்கிறது உங்கட பழைய பைல். நீங்க வரேக்க குடுத்த போர்மில பிரதர் இருக்கிறார்தானே?"

"இருக்கும்" என்றேன்.

"எதுக்கும் ஒருக்காச் செக் பண்ணிட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து நிலக்கீழ் அறையில் இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்தேன். தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்றும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். இருந்தும் எடுத்து வாசித்தேன். சகோதரர்கள் என்ற பகுதியில் தம்பியின் பெயரும் பிறந்த திகதியும் சரியாக இருந்தன. அதற்கு நேரே, தற்போதைய முகவரி எழுதவேண்டிய கட்டத்தில், 'இறந்துவிட்டார்' என்று இருந்தது.

அதை எழுதியது ஒரு கடையின் மேல்மாடியில். நான் வந்து மூன்றாவது வாரம். எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர் அங்கே இருந்தார். ஊரில் ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னார்கள். தம்பி எங்கே என்று கேட்டார். இயக்கத்துக்குப் போனவன், ஒரு வருடமாகச் செய்தி இல்லை என்றேன். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"தம்பி இயக்கமெண்டு எழுதினா உம்மையும் அந்தக் கண்ணாலதான் பாப்பாங்கள். ஒரு வருசமாக் கடிதமில்லை எண்டுறீர். இருந்தா எழுதமாட்டானோ?"

"தெரியாது."

"அப்ப செத்ததெண்டு போடுவம். உம்மடை கதைக்கும் அது பலம். கிளாலிக் கடலில படகில வரேக்க நேவி சுட்டதெண்டு போடுறன். அங்கை கனபேர் போனதுதானே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார், அது சம்மதந்தான். அந்த நாளின் குறிப்பு என்னிடம் இருக்கிறது. 'போர்ம் கொடுத்தேன். மழை. சப்பாத்து நனைந்துவிட்டது.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து அம்மாவின் கடிதத்தோடு தம்பியின் கையெழுத்தில் ஒரு துண்டும் வந்தது. அப்போதே திருத்தியிருக்கலாம். என் வழக்கு அப்போது முடியவில்லை. முடிந்த பிறகு திருத்தலாம் என்று நினைத்தேன். முடிந்தது. பிறகு நிரந்தர வதிவிடம் வரட்டும் என்று நினைத்தேன், பிறகு குடியுரிமை. பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம் என்று எங்கோ வாசித்த நாளிலிருந்து அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன். மனைவிக்குச் சொல்லவில்லை. தம்பி அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த பிறகு அவனுக்கும் சொல்லவில்லை.

வழக்கறிஞருக்கு நான் திரும்ப எடுக்கவில்லை. அவர் இரண்டு தடவை செய்தி விட்டிருந்தார். கணிப்புகளை முன்பைவிடக் கவனமாக எழுதத் தொடங்கினேன். அதுவரை எப்போதாவது பார்த்ததை நாள்தோறும் பார்த்தேன். சராசரி எடுக்கும் தளங்கள் நான்கைப் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு காலையும் தம்பிக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது. விவாதம் முடியட்டும். விவாதத்துக்குப் பிறகான கணிப்பு வரட்டும். தபால் வாக்கு எண்ணிக்கை தெரியட்டும். இவை ஒன்றும் பொய்யல்ல. இரண்டு பேரும் உண்மையிலேயே சமமாகத்தான் நின்றார்கள். சமமாக நின்றது எனக்கு வசதியாக இருந்தது.

ஒக்டோபரில், எங்கள் நன்றியறிதல் விடுமுறைக்கு, தம்பியிடம் போனோம். எல்லையில் என் நீலக் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் விட்டார்கள். அவனுடைய ஊருக்குள் திரும்பியதும் வீடுகளின் முன்னால் தேர்தல் பலகைகள். தம்பி பெற்றோல் நிலையத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைவிட ஆறு வயது குறைந்தவன்.

"நீங்கள் புள்ளியை எண்ணுறியள், நான் போர்டை எண்ணுறன்" என்றான். "வீட்டிலயிருந்து கடை மட்டும். போன கிழமை அந்த மனிசனுக்குப் பதினெட்டு. இப்ப முப்பத்திரண்டு. அண்ணி, நான் சொல்லுறன், இவர் பாக்கிற கணிப்பெல்லாம் சரிவராது."

"சொல்லு தம்பி, நல்லாச் சொல்லு. நான் சொன்னாக் கேக்கிறாரோ?" என்றாள் மனைவி.

நாங்கள் நின்றபோது வயதான வெள்ளைக்காரர் ஒருவர் கோப்பி எடுக்க வந்தார். தொப்பியில் அந்த வேட்பாளரின் பெயர். தம்பியோடு அவ்வளவு அன்பாகக் கதைத்தார். உன் முதுகுவலி எப்படி, உன் அண்ணனா இது, நல்லது, நல்லது. அவர் போனதும் தம்பி சொன்னான்:

"தங்கமான மனிசன். போன பனிக்கு என்ர காரை இழுத்து விட்டது இவர்தான். 'நீ பயப்பிடாதை, உன்னை மாதிரி நல்ல ஆக்களை ஒண்டும் செய்யமாட்டாங்கள்' எண்டு சொல்லிப்போட்டு, போய் அவருக்குத்தான் போடப்போறார்."

சொல்லிவிட்டு அவர் சிந்திய கோப்பியைத் துடைத்தான். பிறகு, மனைவி கழிவறைப் பக்கம் போன நேரம், துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"லோயர் என்னவாம் அண்ணை?"

"பேப்பர் எல்லாம் நல்லா இருக்காம்."

"அப்ப நான் வெளிக்கிடலாந்தானே? உடுப்பு ஒரு பையுக்குள்ள அடங்கும்."

"மூண்டு கிழமைதான் கிடக்கு. பொறு. அந்த மனுசி வெண்டா உனக்கு அலைச்சலே இல்லை."

அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த எல்லாக் கணிப்பையும் அப்போது சொன்னேன். எந்த வட்டாரத்தில் எந்தப் பெண்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதுவரை சொன்னேன். மனைவி திரும்பி வந்தபோது நோட்டையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே நான் எழுதி வைத்ததை அவன் மறுத்துக் கதைத்ததில்லை.

வாக்குப்பதிவு அன்று இரவு நான் வழக்கம்போலப் பத்து மணிக்கே படுத்துவிட்டேன். காலையில் கொம்பியூட்டரைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மனைவி தேநீரை வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்க்காமல் போனாள். ஆறேகாலுக்குத் தம்பி எடுத்தான்.

"போர்ட்தான் சரி அண்ணை."

"ஓம்."

"இப்ப வரட்டோ?"

"பதவி ஏற்கிறது ஜனவரியில. மேடையில சொல்லுறது வேறை, செய்யிறது வேறை. தடுக்கக் கோர்ட்டு இருக்கு. பாப்பம்."

தேர்தல் முடிந்தாலும் கணிப்புகள் முடிவதில்லை. பிடித்து அனுப்புவதை மக்கள் எவ்வளவு பேர் ஆதரிக்கிறார்கள், குற்றம் செய்தவர்களை மட்டுமா, எல்லோரையுமா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தம்பி கேட்பது குறைந்தது. டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் எடுத்தான். எடுத்தால் பனியைப் பற்றிக் கதைத்தான்.

ஜனவரிக் கடைசியில் அவனுக்குக் கடிதம் வந்தது. வழக்கமாக மே மாதத்தில்தான் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். இந்தமுறை இன்னும் பன்னிரண்டு நாளில் வரச்சொல்லியிருந்தது. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரம், தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்து அவனுக்கு எடுத்தேன். கண்ணாடி முழுக்க உப்பு படிந்திருந்தது. ஹீற்றரைப் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"தம்பி, ஒரு விசயம் சொல்லவேணும்."

"என்ன, கணிப்போ?"

"இல்லை. நான் வந்த புதுசில குடுத்த போர்மில, நீ செத்திட்டாய் எண்டு எழுதியிருக்கு."

அந்தப் பக்கம் கடையின் கதவு மணி அடித்தது. யாருக்கோ ஆங்கிலத்தில் நாள் நல்லதாக அமையட்டும் என்றான். திரும்பி வந்து கேட்டான்:

"எப்பிடிச் செத்தனானாம்?"

"கிளாலியில. படகில வரேக்க."

"எனக்குத் தண்ணியெண்டாலே பயமெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணை. அதுக்குள்ளயோ கொண்டுபோய்ப் போட்டனியள்?"

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"அதை லோயர் கேட்டவவோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஓகஸ்டில."

"அப்ப பொறு, பொறு எண்டு சொன்னது…"

"கணிப்பும் அப்பிடித்தான் இருந்தது."

"ஓம். கணிப்பும் இருந்ததுதான். சரி வையுங்கோ. ஆள் வந்திட்டுது."

கதவு மணி அடிக்கவில்லை. ஒருவரும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லாததால் அவளும் அங்கேதான் கேட்டாள். வழக்கறிஞர் படிவத்தின் பிரதியைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அங்கிள், இது ஃபிக்ஸ் பண்ண ஏலாத விசயமில்லை. நீங்க ஒரு சத்தியக்கடதாசி குடுக்கவேணும். அதோட ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. டெஸ்ட். மூண்டு மாசம், நாலு மாசம் எடுக்கும். ஓகஸ்டில தொடங்கியிருந்தா டிசம்பர் முடியமுதல் கையில இருந்திருக்கும்."

"இப்ப?"

"இப்பப் பதினொரு நாள். ஒண்டுமில்லாம பிரிட்ஜுக்கு வந்தா, உங்கட வாய்ப்பேச்சுக்கு எதிரா உங்கட போர்ம்தான் நிக்கும். திருப்பி அனுப்பினா செகண்ட் சான்ஸ் இல்லை. கையெழுத்துக்குப் போனா, ஒருவேளை விடுவினம். ஐ டோன்ட் நோ அங்கிள். ரெண்டில எதெண்டு நான் சொல்ல ஏலாது."

"என்ர சிற்றிசன்…"

"அதுக்கும் ரிஸ்க் இருக்கு. சொல்லாம இருக்க ஏலாது."

சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தேன். திரும்பி வரும் வழியில், கெனடி வீதிச் சிவப்பு விளக்கில் நின்றபோது மனைவி கேட்டாள்.

"ஒக்டோபரில அவன் உங்கடை நோட்டைப் பாத்துத் தலையாட்டினவனெல்லோ. அப்பவும் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

வழக்கறிஞர் சொன்ன இரண்டு வழிகளையும் தம்பிக்குச் சொன்னேன். இந்தமுறை எதுவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எது நல்லது என்றும் சொல்லவில்லை. அவன் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, இரண்டு நாள் கழித்து எடுத்தான்.

"நான் கையெழுத்துக்கே போறன் அண்ணை. இருவது வருசம் சொன்ன நாளுக்குப் போனவன் எண்டு அவங்களின்ரை பைலிலயாவது இருக்குந்தானே. பிரிட்ஜுக்கு வந்தா உங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்கள்."

"கேக்கட்டும். நான் கையெழுத்து வைச்சிட்டன்."

"அது சரி. எண்டாலும்."

பனி கொட்டிய ஒரு காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலகத்துக்குள் போனான். அந்தக் கோப்பிக்கார மனிசர்தான் தன் வாகனத்தில் கொண்டுபோய் விட்டார். வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தாராம். பிறகு உள்ளேயிருந்து ஒருவர் வந்து, நீங்கள் போகலாம் என்று சொன்னாராம். தம்பி கொடுத்து வைத்திருந்த இலக்கத்துக்கு அவர் எடுத்து இதைச் சொன்னார். இப்படிச் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை என்று மூன்று தரம் சொன்னார். எனக்கு அவரிடம் ஆத்திரம் வரவில்லை. அவரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

இப்போது தம்பி ஒரு தடுப்பு நிலையத்தில் இருக்கிறான். இரண்டு தரம் இடம் மாற்றிவிட்டார்கள். என் பக்கத்துப் பரிசோதனை முடிந்துவிட்டது. ஸ்காபரோவில் ஒரு ஆய்வுகூடத்தில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். ஒரு நிமிட வேலை. அவனுடையதை எடுக்க உள்ளே ஒருவர் போக அனுமதி வேண்டும். வழக்கறிஞர் மூன்று தரம் எழுதியிருக்கிறார். முதல் இடத்துக்கு எழுதிப் பதில் வரும்போது அவன் அங்கே இல்லை. என் குடியுரிமையைப் பற்றியும் இன்னும் ஒரு கடிதமும் வரவில்லை. வரும்.

போன ஞாயிறு மத்தியானம் தம்பி எடுத்தான். பத்து நிமிடம் தருவார்கள். நான் அனுமதியைப் பற்றி, எழுதிய கடிதங்களைப் பற்றி, ஆய்வுகூடம் என் மாதிரியை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் இடையில் மறித்தான்.

"அண்ணை, அண்ணி பக்கத்தில நிக்கிறாவோ? அவவிட்டைக் குடுங்கோ."

மனைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மிச்ச ஏழு நிமிடமும் அவளோடுதான் கதைத்தான். ஒருதரம் அவள் சிரித்த சத்தம் கேட்டது. வெளியே வந்து தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, சுகமாக இருக்கிறானாம் என்று மட்டும் சொன்னாள். என்னைப் பற்றி ஏதும் கேட்டானா என்று நான் கேட்கவில்லை.